கொட்டான் இருபது கிலோ, ஆத்தங்குடிக் கல் எட்டு கிலோ

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சி போனால், ஊருக்குள் நுழையுமுன்பே விமான நிலையம் வந்துவிடும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் துபாய்க்கும் போகிறவர்களை வழியனுப்ப அந்த வாசல் வரை போகாத குடும்பம் செட்டிநாட்டில் குறைவு. அதே விமானத்தின் வயிற்றில் சரக்கு ஏறுகிற பக்கத்தைப் பார்த்தவர்கள்தான் வெகு சிலர். கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் மகளிர் குழு, கண்டாங்கிச் சேலை நெசவாளர்கள், பலகாரக் கடைக்காரர்கள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ஏர் கார்கோ நிறுவனம் ஒன்றைப் பார்த்துவரக் கிளம்பினால் அது நல்ல யோசனை. விமானத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம் என்ற ஆசையோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே பார்க்க வேண்டியவை தராசும் அளவு டேப்பும்.

கடல் சரக்கு இந்த வட்டாரத்துக்குப் பழகியது. பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும் கப்பலில் வந்து இறங்கித்தான் இங்கே வளவு வீடுகள் எழுந்தன. கப்பல் கனத்துக்கு அஞ்சாது. விமானத்தில் கனத்துக்கும் காசு, இடத்துக்கும் காசு. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடுவார்கள். இந்த ஒரு விஷயம் புரியாமல் போடப்பட்ட எத்தனையோ கணக்குகள் முதல் ஏற்றுமதியிலேயே நஷ்டத்தில் முடிந்திருக்கின்றன.

ஆறாயிரத்தால் வகு

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் அளந்து பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு இது. ஒரு கன மீட்டர் இடம் சுமார் 167 கிலோவுக்குச் சமம் என்பதே இதன் பொருள். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கின்றன. அதாவது அதே பெட்டி கூரியரில் இன்னும் 'கனக்கும்'.

60 × 45 × 45 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்றில் பனையோலைக் கொட்டான்களை அடுக்குங்கள். தராசில் வைத்தால் நாலு கிலோ காட்டலாம். கன அளவுக் கணக்கில் 1,21,500 ஐ 6000 ஆல் வகுக்க 20.25. அரை கிலோவுக்கு மேல்நோக்கி முழுமையாக்குவது வழக்கம் என்பதால் 20.5 கிலோவுக்குப் பில். பக்கத்தில் ஆத்தங்குடிக் கல்லின் சாம்பிள் பெட்டி. எட்டங்குலக் கல் இரண்டு செ.மீ. தடிமனில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ வரும். நாலு கல்லும் பேக்கிங்கும் சேர்த்து எட்டு கிலோ. பெட்டி 26 × 26 × 16 செ.மீ. என்றால் கன அளவு எடை இரண்டு கிலோகூட இல்லை. இங்கே தராசு சொல்வதே பில். ஆக விமானத்தின் கண்ணில் ஓலைக்கொட்டான் சிமெண்டுக் கல்லைவிட இரண்டரை மடங்கு கனம்.

கல்லை விமானத்தில் அனுப்புவது சாம்பிளோடு நிற்க வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 24, 25 கல். நாற்பது கிலோவுக்கு மேல். ஆயிரம் சதுர அடிக் கூடத்துக்கு நாலு டன்னைத் தொடும். அதற்குத் தூத்துக்குடிக் கப்பல்தான் சரி.

குழுவாகப் போவதன் பலன் அடுத்த கணக்கில் இருக்கிறது. கொட்டான்காரர் பத்துப் பெட்டி அனுப்பினால் உண்மை எடை 40 கிலோ, பில் 202.5 கிலோ (முழுமையாக்குவது மொத்த எடைக்குத்தான், பெட்டிக்குப் பெட்டி அல்ல). கல்காரர் இருபது சாம்பிள் பெட்டி அனுப்பினால் பில் 160 கிலோ. தனித்தனியே போனால் இருவருக்கும் சேர்த்து 362.5 கிலோ. முப்பது பெட்டியும் ஒரே ஏர்வே பில்லில், அதாவது ஒரே விமானச் சரக்குச் சீட்டில் போனால் மொத்த உண்மை எடை 200 கிலோ, மொத்தக் கன அளவு எடை 239 கிலோ. பில் 239 கிலோவுக்கு மட்டும். கல்லின் கனம் கொட்டானின் காற்றை நிரப்பிவிடுகிறது. சுமார் 123 கிலோவுக்கான கட்டணம் மிச்சம்.

மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பதில்தான் சூட்சுமம். பல பேர் சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஃபார்வர்டர் விமான நிறுவனத்திடம் ஒரு மாஸ்டர் ஏர்வே பில் வாங்குவார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி ஹவுஸ் ஏர்வே பில் தருவார். கனச் சரக்கையும் காற்றுச் சரக்கையும் கலந்து அவர் சம்பாதிப்பது இந்த 123 கிலோவைத்தான். அதில் தப்பில்லை, அவர் தொழிலே அது. ஆனால் கொட்டானும் கல்லும் ஒரே வேனில் வந்து ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசினால் அதில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கலாம். தனியாகப் போகிறவருக்கு இப்படி ஒரு மிச்சம் இருப்பதே தெரியாது.

கட்டணப் படிகளையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று. பிறகு 45 கிலோவுக்குக் கீழே ஒரு விலை, 45, 100, 300, 500, 1000 என்று எடை ஏற ஏற கிலோ விலை இறங்கும். உதாரணத்துக்கு 45க்குக் கீழே கிலோ 150 ரூபாய், 45க்கு மேல் 120 என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ அனுப்புகிறவர் 6000 ரூபாய் தர வேண்டும். அதே சரக்கை 45 கிலோ என்று பில் போட்டால் 5400. விதியே இதற்கு இடம் தருகிறது, கேட்டால் போட்டுத்தருவார்கள். இதற்கு மேல் எரிபொருள் சர்சார்ஜ், பாதுகாப்புக் கட்டணம், எக்ஸ்ரே, டெர்மினல் கட்டணம், ஆவணக் கட்டணம் வரும். 'கிலோ இவ்வளவு' என்று வாயால் சொல்லும் விலையில் இவை அடங்கியிருக்கின்றனவா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

பெட்டி தொப்பை போட்டால்

அளவு டேப் பெட்டியின் வெளிப்புறத்தில், அதிகம் பிதுங்கிய இடத்தில் வைக்கப்படும். பெட்டி வாங்கிய கடையில் சொன்ன அளவு அங்கே செல்லாது. மேலே சொன்ன கொட்டான் பெட்டி திணித்ததில் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செ.மீ. பிதுங்கி 62 × 47 × 47 ஆகிவிட்டால் கன அளவு எடை 22.8 கிலோ. பத்துப் பெட்டிக்கு 26 கிலோ வீண். கொட்டான்களை அளவு வாரியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மூடிகளைக் கழற்றித் தட்டையாகத் தனியே வைப்பதுதான் இதற்கு மருந்து. உள்ளே மிஞ்சும் குழியில் கண்டாங்கியை மடித்து வைத்தால் இடமும் நிரம்பும், ஓலையும் நசுங்காது. ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள். பேக்கிங் லிஸ்ட்டில் தனித்தனி வரியில், எந்தப் பெட்டியில் எத்தனை என்று எழுத வேண்டும். கல்யாணச் சாமானுக்குச் சிட்டை எழுதிப் பழகிய ஊருக்கு இது ஒன்றும் புது வேலை இல்லை.

பலகாரக்காரர்களுக்கு வேறு தொல்லை. விமானத்தின் சரக்கறையும் பயணிகள் பகுதிபோலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படும் இடம்தான். ஆனால் உயரத்தில் பறக்கும்போது அந்த அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையலாம். காற்றோ நைட்ரஜனோ அடைத்து மூடிய தேன்குழல் பாக்கெட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உப்பப் பார்க்கும். இடமில்லாமல் அடுக்கியிருந்தால் ஓரத்து ஒட்டு விட்டுக்கொடுக்கும். சிங்கப்பூரில் இறங்கும்போது உடையாமல் முழுசாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் நமத்துப்போகும். வாங்கியவர் எண்ணெயைக் குறை சொல்வார். பாக்கெட்டில் காற்றைக் குறைத்து அடையுங்கள், பெட்டியின் மேல்பக்கம் விரலிடை விட்டு மூடுங்கள். ஊறுகாய் பாட்டிலுக்கும் இதே அழுத்தம்தான் பகை. மூடிக்குக் கீழே இடம் விட்டு, உள்சீல் போட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் தனிப் பையில் கட்ட வேண்டும்.

அட்டைப்பெட்டியின் பலம் நாலு மூலையில் இருக்கிறது. மூலைக்கு மேல் மூலை வரும்படி நேராக அடுக்கினால் அது கனம் தாங்கும். செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்கினால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் வயிற்றில் உட்கார்ந்து நசுக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த அட்டை இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். ஆத்தங்குடிக் கல்லைப் படுக்கப்போட்டு அடுக்காமல் குத்துக்கால் வைத்தாற்போல் ஓரத்தில் நிறுத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஃபோம் தாள் கொடுப்பது பாதுகாப்பு. நீர்ப்பதம் முழுக்க ஆறாத கல்லை அடைத்தால் பெட்டிக்குள்ளேயே வெள்ளை பூத்துவிடும்.

மரப்பெட்டியோ மரப் பலகையோ உபயோகித்தால், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15இன் முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத மரம் போய் இறங்கும் நாட்டில் திருப்பி அனுப்பப்படும், அல்லது அங்கேயே எரிக்கப்படும். செலவு அனுப்பியவர் தலையில். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி கிடையாது.

உள்ளே போனால்

அனுமதி இல்லாமல் சரக்கு முனையத்துக்குள் கால் வைக்க முடியாது. வருகிறவர்களின் பெயரும் அரசு அடையாள அட்டை எண்ணும் கொண்ட கடிதத்தை ஃபார்வர்டர் அல்லது கார்கோ நிறுவனம் வழியாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அசல் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். சாதாரணக் குழுவுக்கு லாரி வந்து நிற்கும் மேடை, சரக்கு ஏற்கும் பகுதி, அலுவலகம், இவ்வளவுதான் கிடைக்கும். எக்ஸ்ரேயைத் தாண்டிய பகுதி 'சுத்தமானது' என்று கருதப்படும் பாதுகாப்பு வளையம். விமானப் பாதுகாப்புப் பணியகமான பி.சி.ஏ.எஸ். விதிப்படியான நுழைவுச்சீட்டு இல்லாமல் அதற்குள் யாரும் போக முடியாது. போட்டோ எடுக்கக் கூடாது. நாற்பது பேர் போனால் பாதிப் பேருக்கு எதுவும் காதில் விழாது. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஒவ்வொரு தொழிலுக்கும் இரண்டு பேர், கையில் ஒரு நிஜப் பெட்டி. அந்தப் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் அந்த நாளின் பாடம்.

எக்ஸ்ரே திரையைப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடாதீர்கள். ஓலை, துணி, மாவு போன்ற கரிமப் பொருள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். கலப்பானவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அடர்த்தி என்றால் கருங்கட்டியாக விழும். பித்தளை உருளியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும், கல்லை எட்டுப்பத்தாக நெருக்கினாலும் வருவது அந்தக் கருங்கட்டிதான். உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாததால் பெட்டியைத் திறப்பார்கள், வெடிபொருள் தடயச் சோதனை செய்வார்கள். ஆகவே அடர்த்தியான சாமானைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, பிரித்தபின் மறுபடி ஒட்டக்கூடிய விதத்தில் கட்ட வேண்டும். ஆணி அடித்த பெட்டியைத் திறந்தால் திரும்ப மூட அங்கே ஆசாரி இல்லை.

அதிகம் மாட்டிக்கொள்வது 'பூஜைச் சாமான்' என்று பொதுவாக எழுதி அனுப்பும் பெட்டி. கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள், ஆபத்தான சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பு. தீப்பெட்டியும் அதே வகுப்பு. கொப்பரைத் தேங்காய் தானாகச் சூடேறும் பொருள் என்று ஐ.நா. ஆபத்துச் சரக்குப் பட்டியலின் யு.என். 1363 எண்ணில், 4.2 வகுப்பில் இருக்கிறது. எண்ணெய் உள்ள உலர்ந்த பருப்பு காற்றோட்டமில்லாத இடத்தில் குவிந்தால் உள்ளுக்குள் வெப்பம் ஏறுவதுதான் காரணம். வீட்டில் பரணில் கிடக்கும் கொப்பரையைப் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். தனியாக அடைத்த லித்தியம் அயான் பேட்டரி 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது. விளக்கேற்றும் பேட்டரித் திரிகளைப் பரிசுப் பெட்டியில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செண்டு, பெயிண்ட், வார்னிஷ் எல்லாம் இதே கதை. இவை எதையும் அனுப்பவே முடியாது என்றில்லை. அதற்கென்று பயிற்சி பெற்றவர் அறிவிப்புப் படிவம் தயாரித்து, அதற்கான பேக்கிங்கில் அனுப்ப வேண்டும். மறைத்தால் ஒரு பெட்டிக்காக மொத்தச் சரக்கும் நிற்கும்.

உப்புக்கண்டத்தைப் பலகாரத்தோடு சேர்த்து அடைக்கிற ஆசையும் வேண்டாம். அது மாமிசம். போகும் நாட்டின் கால்நடைச் சுகாதார விதி தனி. மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை.

காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர்கள் இந்தக் குழுவில் இருந்தால் அவர்களுக்குத் தராசைவிடச் சட்டம் முக்கியம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவையும் 75 வயதைத் தாண்டிய கையெழுத்துச் சுவடியும் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாதவை. பழைய தோற்றமுள்ள செதுக்குக் கதவோ தஞ்சாவூர்ப் படமோ நூறு வயது ஆகாதது என்றால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிய பிறகே பேக்கிங்கைத் தொட வேண்டும். ஈட்டி மரச் சாமானுக்கு வனவிலங்கு, தாவர வணிக உடன்படிக்கையின் காகிதமும் சேரும். சான்று வராமல் பெட்டி கட்டி, கஸ்டம்ஸில் நாள்கணக்காகக் கிடந்து வாடகை ஏறுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மற்றவர்களுக்குக் காகிதம் இவ்வளவு: பான் எண்ணையே அடிப்படையாகக் கொண்ட பத்து எழுத்து இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு (ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் அதை உறுதி செய்யாவிட்டால் முடங்கும்), ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் வங்கி தரும் ஏ.டி. கோடு என்ற எண்ணைக் கஸ்டம்ஸில் பதிவு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம், உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் வைத்து கஸ்டம்ஸ் ஏஜென்ட், கஸ்டம்ஸ் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி விண்ணப்பம் போடுவார். அதிகாரி பார்த்து எல்.இ.ஓ. என்ற ஏற்றுமதி அனுமதி உத்தரவு தந்தபின்தான் சரக்கு விமானத்தை நோக்கி நகரும். சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில். இன்வாய்ஸில் 30 பெட்டி, பேக்கிங் லிஸ்ட்டில் 31, தராசில் நிற்பது 29. திருத்தம் போட்டு முடிப்பதற்குள் ஏற்பு நேரம் தாண்டிவிடும். பயணி விமான நிலையத்துக்கு வருகிற நேரக் கணக்கு சரக்குக்குப் பொருந்தாது. விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே கதவு மூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சரக்கு நின்றுபோவதுண்டு. திருச்சிக்கு வரும் ஏ320, போயிங் 737 ரகங்கள் ஒடுக்கமானவை. பயணிகளின் பெட்டி ஏறிய பிறகு மிஞ்சும் இடமே சரக்குக்கு. விடுமுறைக் காலத்தில் லக்கேஜ் கூடினால் சரக்கை இறக்கி அடுத்த விமானத்துக்கு மாற்றுவார்கள். 'ஆஃப்லோடு' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 737இன் சரக்குக் கதவு சுமார் 120 செ.மீ. அகலம், 85 செ.மீ. சொச்சம் உயரம். உள்ளே ஆட்கள் மண்டிபோட்டுக் கையால் அடுக்குகிறார்கள். 80 கிலோவைத் தாண்டும் ஒற்றைப் பெட்டி என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கட்ட வேண்டும். தேக்குத் தூணும் முழுக் கதவும் இந்த வாசலில் நுழையா. அவை அகல உடல் விமானம் வரும் சென்னைக்கு லாரியில் போக வேண்டும். அங்கேயும் கீழ்த்தளத்தில் 160 செ.மீ. உயரம்தான் எல்லை. செட்டிநாட்டிலேயே பழைய ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கறை நிறைய இடம் வேண்டுமென்றால் பயணிகள் விமானம் தினம் பல வர வேண்டும், அந்தக் கணக்கு வேறு.

ஏர்வே பில் எண்ணை அங்கேயே சரிபார்க்கக் கற்றுக்கொள்ளலாம். 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்துடையது: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. அடுத்த ஏழு வரிசை எண். கடைசி இலக்கம், அந்த ஏழு இலக்க எண்ணை 7 ஆல் வகுத்தால் வரும் மீதி. 1234567 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 618-12345675 சரியான வடிவம். ஃபோனில் சொல்லும்போது ஒரு இலக்கம் மாறினால் பெரும்பாலும் இதில் பிடிபடும். ஆனால் 0வும் 7ம் மாறினால் மீதி மாறாது.

கடைசியாக நஷ்டஈடு. அந்த மேசையில் பலரும் கேட்க மறப்பது இதைத்தான். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் ஏற்ற 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்கு தொலைந்தால், உடைந்தால், தாமதமானால் விமான நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். வரைதான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம். 2024 டிசம்பர் 28க்கு முன்பு இது 22ஆக இருந்தது. உடைசல் என்றால் சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் 21 நாளுக்குள்ளும் பெற்றுக்கொண்டவர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர் 'பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பெட்டியை ஒதுக்கி வைத்தால் உரிமை போய்விடும்.

இங்கே கிலோ என்பது தராசு காட்டும் கிலோ. கொட்டான் பெட்டிக்கு 20.5 கிலோவுக்குக் கட்டணம் வாங்கியவர்கள், அது தொலைந்தால் நாலு கிலோவுக்கு 104 எஸ்.டி.ஆர். என்று கணக்குப் போடுவார்கள். கல் பெட்டிக்கு 208. ஏர்வே பில்லில் மதிப்பு எழுதும் கட்டத்தில் வழக்கமாக 'என்.வி.டி.' என்று போட்டுவிடுவார்கள், மதிப்பு எதுவும் அறிவிக்கவில்லை என்று பொருள். அந்தக் கட்டத்தில் உண்மை மதிப்பைப் பதிந்து கூடுதல் கட்டணம் செலுத்தலாம். அல்லது தனியாக இன்சூரன்ஸ் எடுக்கலாம். எடை குறைந்து விலை கூடிய கொட்டானுக்கும் கண்டாங்கிக்கும் இது தேவை. கல் அனுப்புகிறவர் பாலிசியில் உடைசல் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.